சுருள் வெல்டிங் உருக்குக் குழாய் உருவாகும் விதமும் சோதனையும்: ஆலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, புதுச்சேரி வட்டாரங்களில் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்துக் குழாய் ஆலைகளில் வேலைக்குச் சேரும் இளைஞர்கள், சேர்ந்த முதல் மாதத்தில் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் எக்ஸ்ரே அறையைப் பற்றியும் நீரழுத்தச் சோதனையைப் பற்றியுமே இருக்கும். ஆலையில் எல்லோரும் நின்று பார்க்கும் இடங்கள் அவை என்பதால் அது இயல்புதான். ஆனால் தரக் கட்டுப்பாட்டில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். எக்ஸ்ரே படத்தில் தெரியும் குறைகளில் பெரும்பாலானவை, அந்தக் குழாய் குழாயாவதற்கு முன்பே தகட்டின் விளிம்பிலோ, கோணத்திலோ, ஃபிளக்ஸின் (வெல்டிங்கை மூடும் தூளின்) ஈரத்திலோ உண்டாகிவிட்டவை. ஆகவே இந்த வழிகாட்டி உற்பத்தி லைனின் தொடக்கப் பகுதியில் அதிக நேரம் நிற்கும். சோதனைகள் அதன் பிறகு வரும்.

இந்த வேலையின் பயன் எது என்பதைத் தெரிந்துகொள்ள நம் மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. வீராணம் ஏரித் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து சென்னை வரை செல்கிறது. 2004ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த புதிய வீராணம் திட்டம், நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் நீரை 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவுக்கு ஒன்றரை மீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள உருக்குக் குழாய்களில் கொண்டுசெல்லும் வகையில் அமைக்கப்பட்டது. அதற்கு முந்தைய, கைவிடப்பட்ட திட்டத்தின் கான்கிரீட் குழாய்கள் பல பத்தாண்டுகள் சாலையோரம் கிடந்ததைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். இவ்வளவு பெரிய விட்டத்தில் உருக்குக் குழாய் செய்வதற்குப் பரவலான வழிகள் இரண்டு. அகன்ற தகட்டை வளைத்து நீளவாக்கில் ஒரே நேர்க்கோட்டில் வெல்டிங் செய்வது ஒன்று. குறுகிய தகட்டைச் சுருளாகச் சுற்றி வெல்டிங் செய்வது மற்றொன்று. நாம் பார்க்கப்போவது இரண்டாவது முறையை.

கணக்கு: தென்னை ஓலையில் தொடங்கலாம்

சிறுவயதில் தென்னை ஓலையைக் கிழித்துச் சுற்றி ஊதல் செய்திருப்பீர்கள். ஓலையின் அகலம் மாறாமல் இருந்தாலும், சுற்றும் கோணம் கொஞ்சம் மாறினால் ஊதலின் வாய் அகன்று கூம்பாகிவிடும். சுருள் குழாயின் அடிப்படை இதுவேதான். ஓலை ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சுற்றப்படுகிறது. தகட்டின் விளிம்புகளோ ஒன்றையொன்று முட்டி நிற்க வேண்டும். அது ஒன்றுதான் வேறுபாடு.

தகடு ஓடிவரும் திசைக்கும் குழாயின் அச்சுக்கும் இடையிலுள்ள கோணத்தை உருவாக்கும் கோணம் என்று வைத்துக்கொள்வோம். தகட்டின் அகலமானது, குழாயின் சராசரி விட்டத்தைப் பையால் (π) பெருக்கி, அக்கோணத்தின் கொசைனாலும் பெருக்கினால் கிடைக்கும் அளவுக்குச் சமம். சராசரி விட்டம் என்பது வெளிவிட்டத்திலிருந்து ஒரு சுவர்த் தடிமனைக் கழித்தது. எடுத்துக்காட்டாக 1016 மி.மீ. வெளிவிட்டமும் 12 மி.மீ. தடிமனும் உள்ள குழாயை, விளிம்பு சீவியபின் 1500 மி.மீ. அகலமுள்ள தகட்டில் செய்யவேண்டுமானால், சராசரி விட்டம் 1004 மி.மீ., சுற்றளவு சுமார் 3154 மி.மீ., கொசைன் 0.4756, கோணம் ஏறத்தாழ 61.6 டிகிரி. அதே 1500 மி.மீ. தகட்டில், அதே தடிமனில், 1500 மி.மீ. வெளிவிட்டக் குழாய் வேண்டுமானால் கோணத்தை 71.3 டிகிரிக்கு மாற்றினால் போதும். ஒரே அகலமுள்ள காயிலிலிருந்து (தகட்டுச் சுருளிலிருந்து) பல விட்டங்களில் குழாய் எடுக்க முடிவதுதான் இந்த முறையின் பெரிய ஆதாயம்.

இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். பிறகு செய்தித்தாளை ஒரு சாண் அகலத்துக்குக் கத்தரித்து, விளிம்போடு விளிம்பு பொருந்துமாறு சுருட்டிப் பாருங்கள். கோணம் எவ்வளவு நுணுக்கமானது என்பது அப்போது கைக்குத் தெரியும். மேலே சொன்ன 1016 மி.மீ. குழாயில் கோணம் டிகிரியில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் விட்டம் 3 மி.மீ.க்கு மேல் மாறும். பெட்ரோலியக் குழாய்களுக்கான ஏ.பி.ஐ. 5எல் தரநிலை இந்த அளவுக் குழாயின் முனையில் அனுமதிக்கும் விட்ட வேறுபாடு 1.6 மி.மீ. மட்டுமே. தகட்டின் அகலம் 1 மி.மீ. கூடினாலும் விட்டம் 0.7 மி.மீ. அளவுக்குக் கூடும். எனவே அகலமும் கோணமும் ஆபரேட்டரின் பொறுப்பு மட்டும்தான் என்று ஆய்வாளர் ஒதுங்கி நிற்க முடியாது.

வெல்டிங்கின் நீளத்தையும் இதே கணக்கு சொல்லிவிடும். 61.6 டிகிரியில் ஒரு மீட்டர் குழாய்க்கு 2.1 மீட்டர் வெல்டிங் வருகிறது. 12 மீட்டர் குழாயில் உள்ளே 25 மீட்டர், வெளியே 25 மீட்டர். நேர்க்கோட்டுக் குழாயைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெல்டிங் இருப்பது இந்த முறையின் குறை என்று சொல்வார்கள், அது உண்மை. ஆனால் அழுத்தம் ஏறும்போது குழாயைப் பிளக்க முயலும் சுற்றுவாக்கு இழுவிசை, நேர்க்கோட்டு வெல்டிங்கின் மீது முழுமையாகச் செங்குத்தாக விழுகிறது. சாய்ந்து செல்லும் சுருள் வெல்டிங்கில், இரு முனையும் மூடிய குழாய்க்கு மேற்படி கோணத்தில் கணக்கிட்டால், செங்குத்தாக விழுவது அதில் ஏறத்தாழ 61 விழுக்காடுதான். இரண்டு உண்மைகளையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காயில் வந்தது முதல் விளிம்பு சீவுவது வரை

காயில் லாரியிலிருந்து இறங்கும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. காயிலின் மீது எழுதியிருக்கும் ஹீட் எண்ணும் (உருக்கு உருக்கப்பட்ட தொகுதியின் எண்), உடன் வந்த ஆலைச் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பதுதான் முதல் படி. அகலம், தடிமன், விளிம்பு மடங்கியிருக்கிறதா என்பவை அடுத்தவை. தண்ணீர், கழிவுநீர்க் குழாய்களுக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 3589 தரநிலை வழக்கத்தில் உள்ளது, அது 168.3 முதல் 2540 மி.மீ. வரையிலான வெளிவிட்டங்களுக்கானது. எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்கு ஏ.பி.ஐ. 5எல். எந்த ஆர்டருக்கு எந்தத் தரநிலை, எந்தத் தரம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் காயிலை ஏற்றக் கூடாது.

காயில் அன்காயிலரில் ஏறி, அதன் நுனி பிரிக்கப்பட்டு, லெவலர் உருளைகளுக்கு இடையே நுழைந்து தட்டையாகிறது. முந்தைய காயிலின் வால் பகுதியோடு புதிய காயிலின் தலைப் பகுதியைச் சதுரமாக வெட்டி இணைத்து வெல்டிங் செய்கிறார்கள். இந்தக் குறுக்கு வெல்டிங்கைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். 25 டன் காயில் ஒன்றிலிருந்து நம் எடுத்துக்காட்டுக் குழாய் ஏழுக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும் என்பதால், ஏழு குழாய்களில் ஒன்றிலாவது இந்த இணைப்பு வரும். அது சுருள் வெல்டிங்கைச் சந்திக்கும் புள்ளி குழாய் முனையிலிருந்து 300 மி.மீ.க்கு மேல் தள்ளி இருக்க வேண்டும் என்று ஏ.பி.ஐ. 5எல் கேட்கிறது. முனைக்கு அருகே வந்துவிட்டால் அந்தப் பகுதியை வெட்டி நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை. வாங்குபவர் குறுக்கு வெல்டிங் உள்ள குழாயையே ஏற்பதில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதும் உண்டு. ஆகவே அதையும் படித்துவிடுங்கள்.

அதன்பின் இருபுற விளிம்புகளும் சீவப்படுகின்றன. தடித்த தகடுகளில் விளிம்பை மில்லிங் செய்து, உள்ளும் வெளியுமாகச் சாய்வுப் பள்ளம் எடுக்கிறார்கள். விளிம்பு நேராகவும் பளபளப்பாகவும் இருக்க வேண்டும். துரு, எண்ணெய், சீவல் தூள் எது ஒட்டியிருந்தாலும் அது சில நொடிகளில் உருகிய உலோகத்துக்குள் போய்விடும். நம் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று பட்ட விளிம்பு வெகு விரைவில் துருவேறும் என்பதால், சீவிய தகட்டோடு லைன் நீண்ட நேரம் நின்றிருந்தால் மீண்டும் ஓட்டுவதற்கு முன் விளிம்பைத் தேய்த்துவிடுவது நல்லது. மார்கழி, தை மாதங்களில் அதிகாலையில் குளிர்ந்த தகட்டின்மேல் பனிநீர் முத்து முத்தாக நிற்பதைப் பார்க்கலாம். கேஸ் பர்னரால் விளிம்பை இளஞ்சூடாக்கி அந்த ஈரத்தைப் போக்கிய பிறகே வெல்டிங்குக்கு விட வேண்டும்.

வளைப்பதும் வெல்டிங் செய்வதும்

தகடு மூன்று உருளைத் தொகுதிகளுக்கு இடையே சாய்வாகத் தள்ளப்பட்டுச் சுருளாக வளைகிறது. இரண்டு தொகுதிகள் கீழே தாங்க, நடுவிலுள்ளது மேலிருந்து அழுத்துகிறது. முதல் சுற்று முடிந்து, வளைந்து வந்த விளிம்பு புதிதாக உள்ளே வரும் விளிம்பைச் சந்திக்கும் இடத்தில், குழாயின் அடிப்பகுதியில், உட்புற வெல்டிங் நடக்கிறது. அங்கிருந்து குழாய் அரைச் சுற்றுச் சுழன்றதும் அதே கோடு உச்சிக்கு வருகிறது. அப்போது வெளிப்புற வெல்டிங். உருகிய உலோகமும் அதை மூடியிருக்கும் ஃபிளக்ஸும் வழியாமல் நிற்க வேண்டும் என்பதால்தான், உள்ளே அடியிலும் வெளியே உச்சியிலும் செய்கிறோம்.

உட்புற வெல்டிங் நிகழும் இடத்தில் நீங்கள் கண் எடுக்காமல் பார்க்க வேண்டியவை இரண்டு. விளிம்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளி முதலாவது. அது திறந்தால் உலோகம் ஒழுகி ஓட்டை விழும். நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் விளிம்புகள் ஒரே மட்டத்தில் நிற்காது. இடைவெளி மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போனால் கோணத்தையும், திடீரென்று மாறினால் தகட்டின் விளிம்பையும் முதலில் சந்தேகப்படுங்கள். மட்ட வேறுபாடு இரண்டாவது. 15 மி.மீ. வரை தடிமனுள்ள குழாயில் 1.5 மி.மீ.க்கு மேல் மட்ட வேறுபாடு இருக்கக் கூடாது என்பது ஏ.பி.ஐ. 5எல் வரம்பு. சுருள் குழாயில் ஒரு சுற்றில் நேர்ந்த தவறு, காரணத்தை நீக்கும்வரை அடுத்தடுத்த சுற்றிலும் தொடரும். எனவே "இந்தக் குழாய் முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று சொல்லும் பழக்கம் வேண்டாம்.

நீரில் மூழ்கிய விளக்கைப் போல, இந்த வெல்டிங்கில் ஆர்க் (மின்பொறி) ஃபிளக்ஸ் தூளுக்குள் மறைந்து எரிகிறது. கண்ணுக்குத் தெரியாததால் மீட்டரைத்தான் நம்ப வேண்டும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி 60ஆலும் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை மி.மீ. வேகம் என்பதால் வகுத்து, பின்னர் ஆயிரத்தால் வகுத்தால், ஒரு மி.மீ. நீளத்துக்குச் செலுத்தப்படும் வெப்பம் கிலோஜூலில் கிடைக்கும். 32 வோல்ட், 700 ஆம்பியர், நிமிடத்துக்கு 1.2 மீட்டர் வேகம் என்றால் 1.12 கிலோஜூல். வெப்பம் குறைந்தால் உள், வெளி வெல்டிங்குகள் தடிமனின் நடுவில் ஒன்றோடொன்று கலக்காமல் நின்றுவிடும். மிகுந்தால் சுற்றியுள்ள உருக்கின் கடினத்தன்மையும் அதிர்ச்சி தாங்கும் வலிமையும் கெடும். அனுமதிக்கப்பட்ட செயல்முறைத் தாளில் எழுதியிருக்கும் எல்லையை யாரும் தம் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது. மழைக்காலத்தில் மின்சாரம் ஒரு கணம் இறங்கி ஏறினாலும் லைன் நின்றுவிடும். நின்ற இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். அதைச் சாக்பீஸால் குறித்து ரிப்பேர் பட்டியலில் உடனே எழுதிவிடுங்கள்.

சில ஆலைகளில் வளைக்கும் இடத்தில் வேகமான மெல்லிய வெல்டிங்கால் விளிம்புகளைப் பிடித்து மட்டும் வைத்துவிட்டு, உள், வெளி வெல்டிங்கை வேறு மேடைகளில் செய்வார்கள். அங்கே வளைக்கும் வேகம் கூடும். மற்ற எச்சரிக்கைகள் எல்லாம் அப்படியே பொருந்தும்.

ஃபிளக்ஸின் ஈரம்

இதற்கு மட்டும் தனியாக இடம் ஒதுக்குகிறேன், ஏனெனில் வடகிழக்குப் பருவமழை வந்து தங்கும் நம் கரையில் இதுவே அதிகமாக ஏமாற்றும் காரணம். ஃபிளக்ஸ் தூள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆர்க்கின் வெப்பத்தில் அந்த நீர் பிரிந்து, ஹைட்ரஜன் உருகிய உலோகத்தில் கரைகிறது. உலோகம் உறையும்போது வெளியேற முடியாமல் சிக்கினால் நுண்துளைகள் உண்டாகின்றன. வலிமை மிகுந்த, தடித்த உருக்கிலோ, வெல்டிங் ஆறி மணிக்கணக்கில் கழிந்த பிறகு விரிசலாக வெளிப்படவும் கூடும்.

ஒரு நவம்பர் மாதத்தில், நான் அப்போது பணியாற்றிய ஆலையில், மூன்று நாள் தொடர்மழைக்குப் பின் இரவு ஷிஃப்டின் எக்ஸ்ரே படங்களில் சிறு கரும் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. முதலில் வெல்டிங் வயரைச் சந்தேகித்தோம். பிறகு விளிம்புத் துருவை. வயரை மாற்றியும் விளிம்பைத் தேய்த்தும் புள்ளிகள் போகவில்லை. கடைசியில், ஃபிளக்ஸ் தொட்டியான ஹாப்பரின் ஹீட்டர் வேலை செய்யாமல் இருந்ததும், லைனிலிருந்து உறிஞ்சி எடுத்த பழைய ஃபிளக்ஸ் திறந்த டிரம்மில் கிடந்து மீண்டும் கலக்கப்பட்டதும் தெரியவந்தன. அந்த இரண்டு நாள்களில் நாங்கள் தோண்டி ரிப்பேர் செய்த நீளத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. காலையில் ஹாப்பரைக் கையால் தொட்டுப் பார்த்திருந்தால் போதுமாயிருந்தது.

ஆகவே தயாரிப்பாளர் சாக்கில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையிலும் நேரத்திலும் ஃபிளக்ஸை உலர்த்தும் அடுப்பில் (ஓவன்) உலர்த்துங்கள். பொதுவாக அது 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். உலர்த்தியதை 100 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வைத்திருங்கள். திறந்த சாக்கை ஷிஃப்ட் முடிவில் அப்படியே விட்டுச் செல்லாதீர்கள். திரும்பப் பிடிக்கும் ஃபிளக்ஸில் ஸ்லாக் (உறைந்த கசடு) துண்டும் துருத் தூளும் கலந்திருப்பதால், சல்லடையும் காந்தமும் தாண்டிய பின்னரே அதைப் புதியதோடு சேர்க்க வேண்டும்.

சோதனைகள்

குறித்த நீளத்தில், குழாயோடு சேர்ந்து நகரும் வண்டியிலிருந்து பிளாஸ்மா அல்லது கேஸ் கட்டர் குழாயை வெட்டுகிறது. முதல் சோதனை கண்தான். உள்ளே விளக்கோடு நுழைந்து முழு நீளத்தையும் பாருங்கள். வெல்டிங் மேடு உள்ளே 3.5 மி.மீ.க்கு மேல் உயரக் கூடாது. வெளியே, 13 மி.மீ. வரை தடிமனுள்ள குழாயில் 3.5, அதற்கு மேற்பட்டதில் 4.5 மி.மீ. வரை ஏ.பி.ஐ. 5எல் அனுமதிக்கிறது.

எக்ஸ்ரேயும் அல்ட்ராசோனிக்கும் ஒன்றுக்கொன்று மாற்று என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. எக்ஸ்ரே படத்தில் நுண்துளை, ஸ்லாக் போன்ற பருமன் உள்ள குறைகள் நன்றாகத் தெரியும். கத்தி விளிம்பு போல மெல்லிய விரிசலோ, உருகிச் சேராத பரப்போ, கதிர் செல்லும் திசைக்குச் சாய்வாக இருந்தால் படத்தில் தப்பிவிடலாம். ஒலி அலை அதைப் பிடித்துவிடும். அல்ட்ராசோனிக் கருவியை ஷிஃப்ட் தொடக்கத்தில் 1.6 மி.மீ. துளையிட்ட குறிப்புக் குழாயில் ஓட்டி, துளை சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்த பின்னரே குழாய்களை ஓட்ட வேண்டும். அந்தப் பதிவு இல்லாத ஷிஃப்டின் முடிவுகளுக்கு மதிப்பில்லை. படத்தில் விரிசல், முழுமையாக ஊடுருவாமை, முழுமையாக உருகிச் சேராமை ஆகியவை தெரிந்தால் அவை எவ்வளவு சிறியவையாக இருந்தாலும் ஏற்கத்தக்கவை அல்ல. எக்ஸ்ரே பகுதியில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் பொருந்தும், கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் அணியாமலும், எச்சரிக்கை விளக்கு எரியும்போதும் உள்ளே போகாதீர்கள்.

நீரழுத்தச் சோதனையில் குழாயின் இருமுனைகளையும் அடைத்து, நீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றுகிறார்கள். உருக்கில் உண்டாக வேண்டிய இழுவிசையை இரண்டாலும் தடிமனாலும் பெருக்கி, வெளிவிட்டத்தால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டுக் குழாய் எக்ஸ்52 என்ற உருக்குத் தரம் என்று வைத்துக்கொள்வோம். அதன் குறைந்தபட்ச நெகிழ்வு வலிமை (உருக்கு நிரந்தரமாக நீளத் தொடங்கும் இழுவிசை) 360 மெகாபாஸ்கல். 508 மி.மீ.க்குக் குறையாத விட்டத்துக்கு ஏ.பி.ஐ. 5எல் அதில் 90 விழுக்காட்டைக் கேட்கிறது, அதாவது 324. நம் எடுத்துக்காட்டுக் குழாய்க்கு அது 7.65 மெகாபாஸ்கல், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 78 கிலோ. இந்த அழுத்தம் குறைந்தது 10 விநாடி நிற்க வேண்டும். குழாய்க்குள் அப்போது 9000 லிட்டருக்கும் அதிகமான நீர் இருக்கும். நீர் அதிகம் சுருங்காது என்பதால் கசிந்தால் அழுத்தம் உடனே விழும். ஆனால் உள்ளே காற்று சிக்கியிருந்தால் அது அழுத்தப்பட்ட சுருள்வில் போல ஆற்றலைச் சேர்த்து வைத்திருந்து, குழாய் பிளந்தால் உயிருக்கே ஆபத்தாகிவிடும். காற்றுப் போக்கும் வால்விலிருந்து நீர் சீராக வழியும்வரை பம்பைக் கூட்டக் கூடாது. அழுத்தம் ஏறியிருக்கும்போது முனைக்கு நேரே நிற்கக் கூடாது.

ஆய்வகத்தில் குழாயிலிருந்து வெட்டிய துண்டுகள் இழுத்தும், வளைத்தும், குளிர்வித்து அடித்து உடைத்தும் பார்க்கப்படுகின்றன. இவற்றுள் புதியவர்கள் அருகில் இருந்து பார்க்க வேண்டியது மேக்ரோ சோதனை. வெல்டிங்கின் குறுக்கு வெட்டை மெருகேற்றி, நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலைத் தடவினால், உள், வெளி வெல்டிங்குகள் இரண்டு கிண்ணங்களைப் போல எதிரெதிரே நின்று நடுவில் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். லைனில் ஆம்பியரை மாற்றும்போது உண்மையில் எதை மாற்றுகிறோம் என்பது இந்தத் துண்டைப் பார்த்தவர்களுக்கு மட்டுமே விளங்கும்.

குறை கண்ட இடத்தைக் கிரைண்டிங் செய்து முழுவதும் நீக்கி, அனுமதிக்கப்பட்ட முறையில் மீண்டும் வெல்டிங் செய்து, மீண்டும் படம் எடுக்க வேண்டும். ரிப்பேர் வெல்டிங் 50 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நீரழுத்தச் சோதனைக்குப் பிறகு வெல்டிங்கில் ரிப்பேர் செய்தால், அந்தக் குழாய் மீண்டும் நீரழுத்தத்துக்குப் போக வேண்டும். இதைத் தவிர்க்க அவசரத்தில் யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள்.

முனையும் எண்ணும்

களத்தில் குழாயோடு குழாய் சேர்க்கப்படும் இடம் முனை என்பதால், முனையை 30 டிகிரிச் சாய்வில் சீவி, 1.6 மி.மீ. தட்டை விளிம்பு விடுகிறார்கள். சுற்றளவைப் பை டேப்பால் (சுற்றளவிலிருந்து விட்டத்தைக் காட்டும் நாடா) இருமுனையிலும் அளந்து எழுதுங்கள். முனையிலிருந்து 200 மி.மீ. நீளத்துக்கு வெல்டிங்கை எக்ஸ்ரேயில் பார்த்தாயிற்றா என்பதையும் சரிபாருங்கள்.

இறுதியில் குழாயின்மீது எண், ஹீட் எண், அளவு, தரம், நீளம், எடை ஆகியவை பெயிண்ட்டால் எழுதப்படுகின்றன. இந்த 12 மீட்டர் குழாயின் எடை மூன்றரை டன்னுக்கு மேல். அடுக்கும்போது இருபுறமும் ஆப்பு வைக்காமல் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. சோதனை நீர் முழுவதும் வடிந்த பின்னரே முனைகளை மூட வேண்டும். கடலோரக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் உள்ளே தேங்கிய ஒரு குடம் நீரே சில வாரங்களில் அடிப்பகுதியைத் துருவாக்கிவிடும். மேற்பூச்சுக்கோ களத்துக்கோ வண்டி கிளம்பும் முன், குழாயில் எழுதியுள்ள எண்ணைப் படித்து, எக்ஸ்ரே, அல்ட்ராசோனிக், நீரழுத்தம், ஆய்வகம் ஆகிய நான்கு பதிவேடுகளிலும் அதே எண் அதே ஹீட் எண்ணோடு இருக்கிறதா என்று ஒருவர் வாசிக்க மற்றவர் விரல் வைத்துப் பாருங்கள். ஓர் எண் பொருந்தாவிட்டாலும் அந்தக் குழாயை இறக்கித் தனியே வையுங்கள்.